சனிக்கிழமை வாங்கிய இழைப்புளி

அன்று அந்தக் கடையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் மனைவி கோமதி. கையில் குடை. பினாங்கில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் அவள் வீட்டுக்குள்ளும் குடையோடுதான் திரிந்தாள்.

சம்பந்தி ராமையா. என் மகளின் மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. கீழே நிற்பவனுக்கு மேலிருந்து சொல்வது மாதிரியே பேசுவார்.

சம்பந்தி அம்மா சரோஜா. எங்கள் மூவரையும் காவல் காக்க வந்தவர்.

கடைக்காரர். சீனர். எழுபதுக்கு மேல் இருக்கும். பனியன், அரைக்கால் சட்டை. எல்லாரும் தவுக்கே என்று கூப்பிட்டார்கள். முதலாளி என்று அர்த்தமாம்.

ஒரு பூனை. ஆணிப் பெட்டி மேல் தூங்கியது. எப்படித் தூக்கம் வந்தது என்று தெரியவில்லை.

மேசை நடுவில் ஓர் இழைப்புளி. பலகை சீவுகிற தச்சுச் சாமான். மரத்தில் செய்தது. ஒன்றரை அடி நீளம். நடுவில் ஒரு வாய். வாய்க்குள் இரும்பு.

கிழமை சனி. கடை அப்போதுதான் திறந்திருந்தது. மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

"இன்னிக்கு சனிக்கெழம. இரும்பு வாங்கக் கூடாது," என்றார் சம்பந்தி அம்மா.

தவுக்கே மலாயில் ஏதோ சொன்னார். கடைசியில் ஒரு வார்த்தை மட்டும் தமிழில் வந்தது.

"போணி."

சம்பந்தி எனக்கு விளக்கினார். "நீங்கதான் இன்னிக்கு மொத ஆளாம். வாங்காம போனா அவருக்கு நாள் முழுக்க யாவாரம் ஓடாதாம்."

ஒருவருக்கு வாங்கக் கூடாது. இன்னொருவருக்கு வாங்காமல் போகக் கூடாது. இரண்டும் நியாயம்தான். நடுவில் நான் நின்றேன்.

விரல்

எனக்கு வலது கட்டை விரல் பாதிதான். மீதி எங்கே போனது என்பதை மூன்று வாரம் முன்பு இதே பத்தியில் எழுதிவிட்டேன். ரம்ப மெஷின். திரும்ப எழுத ஒன்றும் இல்லை.

பாதி விரலோடு சோறு சாப்பிடலாம். சட்டைப் பித்தான் போடலாம். கையெழுத்தும் போடலாம். பாங்கில்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். உளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அதுவும் பழகிவிட்டது.

இழைப்புளி மட்டும் முடியவில்லை.

நம் ஊர் இழைப்புளிக்குப் பின்னால் ஒரு பிடி உண்டு. அதைக் கட்டை விரல்தான் சுற்றிப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மரத்தின் மேல் தவளை மாதிரி குதிக்கும்.

எங்கள் வேலையில் சுருள்தான் பேச்சு. பலகையின் இந்த முனையில் தொடங்கிய சுருள் அந்த முனை வரை அறாமல் வர வேண்டும். வந்தால் கை சரி, இரும்பு சரி. எனக்கு வந்தது பொடி. மூக்குப்பொடிக் கடை வைத்திருந்தால் உதவியிருக்கும்.

சங்கரன்கோவில் பக்கம் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. மாரியப்பன் அண்ணனை வேலைக்கு வைத்தேன். என்னைவிட மூத்தவர். வாயில் பல் இல்லை, கையில் குறை இல்லை. கதவுப் பலகையை அவர் இழைப்பார். அவர் இழைக்கும்போது நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

டீ அதிகமாகிவிட்டது.

ஒரு தடவை என் இழைப்புளி மேல் குறுக்காக ஒரு கட்டையை அடித்து இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன். நாலு தள்ளில் கட்டை கழன்று மாரியப்பன் அண்ணன் காலில் விழுந்தது. அவர் அதை எடுத்து விறகுக் குவியலில் போட்டார். நான் டீக்குப் போனேன்.

பன்னிரண்டாவது மாடி

மகள் செண்பகத்துக்குப் பினாங்கில் ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். கோமதிக்குப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. எனக்குப் பெட்டி தூக்குகிற வேலை. அது விமான நிலையத்திலேயே முடிந்துவிட்டது.

வீடு பன்னிரண்டாவது மாடியில். மாப்பிள்ளை தொழிற்சாலைக்குப் போய்விடுவார். நான் வீட்டில் இருந்த அலமாரிக் கதவுகளை எல்லாம் பார்த்தேன். எல்லாம் தொங்கின. திருகாணி முறுக்கி நிமிர்த்தினேன். குளியலறைக் கதவு உரசியது. உளியால் சீவினேன். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சீன அம்மா கால் ஆடுகிற நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். சரி செய்து வைத்தேன். மறுநாள் இரண்டு நாற்காலிகள் இருந்தன. அதற்கடுத்த நாள் நாற்காலிகளோடு ஒரு தட்டு ஆரஞ்சும் இருந்தது. கீழ் மாடியிலிருந்து ஒரு மலாய்க்காரர் கட்டில் காலைத் தூக்கிக்கொண்டு லிப்டில் வந்தபோது செண்பகம் கதவைச் சாத்திவிட்டாள்.

"அப்பா, நீங்க பேரனப் பாக்க வந்தீங்களா, கடை போட வந்தீங்களா?"

சம்பந்தியைக் கூப்பிட்டு, "மாமா, இவர எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

சம்பந்தி அதற்காகவே பிறந்தவர்.

இரண்டு முட்டி

என்னிடம் கொஞ்சம் ரூபாய் இருந்தது. வெள்ளியாக மாற்ற சூலியா தெருவுக்குப் போனோம். அங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். காசு மாற்றுகிற கடையில் சம்பந்திக்குத் தெரிந்த முஸ்லிம் பாய் இருந்தார். இரண்டு பேரும் துறைமுகக் கதை ஆரம்பித்தார்கள். நான் வெளியே வந்தேன்.

கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. அஞ்சடி என்கிறார்கள். கையால் அளந்தேன். ஐந்தரை அடி இருந்தது. அப்படியே அளந்துகொண்டு போனதில் ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டேன்.

சந்தில் ஒரு சீனர் கடைப் பெயர்ப்பலகை செய்துகொண்டிருந்தார். இழைத்துக்கொண்டிருந்தார். கையைப் பார்த்தேன். நின்றுவிட்டேன்.

அவருடைய இழைப்புளிக்குப் பின்பிடி இல்லை. இரும்புக்குப் பின்னால், அதன் மர உடம்பின் குறுக்கே ஒரு கட்டை, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. சைக்கிள் பிடிப்பது மாதிரி இரண்டு கை முட்டியாலும் பிடித்துத் தள்ளினார். கட்டை விரலுக்கு அதில் வேலையே இல்லை.

நான் அடித்துப் பார்த்த அதே குறுக்குக் கட்டைதான். நான் மேலே ஆணி அடித்தேன். இவர் இழைப்புளியின் உடம்பைத் துளைத்துச் சொருகியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வருஷமாக எனக்குத் தோன்றாத வித்தியாசம்.

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். இழைப்புளியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பீடி மாதிரி ஒன்றைப் பற்ற வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்த ஆள் அவர்தான்.

தள்ளினேன். சுருள் வந்தது. என் முழங்கை நீளத்துக்கு.

"அலாமா! இங்க என்னா பண்றீங்க? உங்கள தொலைச்சிட்டேன்னு போலீஸுக்குப் போவப் பாத்தேன் லா!" சம்பந்தி ஓடி வந்தார்.

"இது எங்க கெடைக்கும்?" என்றேன்.

சம்பந்தி அப்படியே நின்றார். பிறகு போனை எடுத்தார். "சரோ! சம்பந்தி பேசிட்டாரு! ஆமா லா, அவராவே! எதோ கட்ட வேணுமாம்!"

கடைக்குப் போகிற வழி

பலகைக்காரர் வழி சொல்லிவிட்டார். இரண்டு தெரு தாண்டிப் பழைய சாமான் கடை. நடந்தால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் நடக்க எங்களுக்கு நாலு நாள் ஆனது.

சம்பந்தியோடு பினாங்கில் நேராக எங்கும் போக முடியாது. பாதி ஊர் அவருக்குப் பழக்கம். மீதி ஊரைப் பழக்கப்படுத்திக்கொள்வார்.

முதல் நாள், "பழைய கடையா? சம்பந்திக்குப் புதுசுதான்," என்று ஒரு பெரிய கட்டடத்துக்குக் கூட்டிப் போனார். உள்ளே குளிர். எல்லாச் சாமானுக்கும் பாட்டரி. ஒரு பையன் இழைக்கிற மெஷினை என் கையில் கொடுத்து, பட்டனை அமுக்குங்கள் என்றான். எனக்கும் பட்டனுக்கும் பழைய கணக்கு இருக்கிறது. வேண்டாம் என்றேன்.

அங்கே மரம் அறுக்கிற ஜப்பான் வாள் ஒன்று வாங்கினேன். நாம் தள்ளி அறுப்போம். அது இழுத்தால்தான் அறுக்கும். தள்ளினால் சும்மா இருக்கும். நீளமான பிடி. அதற்கும் கட்டை விரல் வேண்டாம். புதன்கிழமை. அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"வேற?" என்றார் சம்பந்தி.

"அது," என்றேன்.

"அதுக்கு நாளைக்கு."

மறுநாள் காடியை எடுத்தார். கார் என்றால் அங்கே காடி. பாலம் தாண்டி பைராம் தோட்டத்துக்குப் போனோம். அவருடைய அக்கா வீடு. செம்பனை மரத்தைத் தவிர வேறு மரம் கண்ணில் படவில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் மைலோ என்கிற சாக்லேட் பானமும் பிஸ்கோத்தும் வந்தன. ஏழு வீடு. எட்டாவது வீட்டில் வயிறு சரியில்லை என்றேன். இஞ்சி போட்டு மைலோ கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். வழியில் நாசி கண்டார் கடை. சோற்றின் மேல் நாலு குழம்பை ஒன்றாக ஊற்றுகிற சாப்பாடு. வரிசை தெருமுனை வரை நின்றது.

"கடை மூடிருவானே," என்றேன்.

"அவன் எங்க மூடுறான்? நமக்குப் பழக்கம் லா. சாப்புடுங்க."

சாப்பிட்டோம். கடைக்குப் போனோம். மூடியிருந்தது. தவுக்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் மூலிகைத் தைலம் தேய்த்துக்கொள்ளப் போவாராம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். ஞாயிறு எப்போதும் விடுமுறையாம். அதையும் சொன்னார்.

மீதி இருந்தது சனி.

சனி

நம் ஊரிலும் சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டார்கள். ஆனால் இப்போது யார் பார்க்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை ஆணி வாங்கித்தானே ஆக வேண்டும். நம் ஊரில் நாம் விட்டதை எல்லாம் பினாங்கில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதில் சம்பந்தி அம்மா வீடு தலைமை அலுவலகம்.

அவருக்குக் காரணமும் இருக்கிறது. கல்யாணமான புதிதில் சம்பந்தி ஒரு சனிக்கிழமை பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கிய அன்று சாயங்காலம் துறைமுகத்துக்கு ஓட்டிப் போனார். பிரேக் பிடிக்கவில்லை. கரை முடிந்தது. கடல் தொடங்கியது.

"நான் நீந்தி வந்துட்டேன் சம்பந்தி," என்றார். "அது வரல."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சனிக்கிழமை ஒரு குண்டூசி நுழைந்ததில்லை. இப்போது பச்சைப் பிள்ளை வேறு இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது சம்பந்தி மெதுவாகத்தான் ஆரம்பித்தார். அவர் கணக்கில் அதுதான் மெதுவான குரல்.

"நாளைக்கு சும்மா கடைய பாத்துட்டு வாறோம்."

"பாக்குறதுன்னா நானும் வாறேன்," என்றார் சம்பந்தி அம்மா.

கோமதி உடனே, "மதினி, எங்க வீட்லயும் சனிக்கெழம இரும்பு தொட மாட்டோம்," என்றாள். முப்பது வருஷமாக அப்படி ஒன்றை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. சம்பந்தி வீட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

எனக்கு எதற்கு அந்த இழைப்புளி என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊருக்குப் போனால் திரும்ப எப்போது வருவேனோ. டீயை நினைத்தேன்.

போணி

இப்போது கடைக்குத் திரும்பலாம்.

மேசை நடுவில் இழைப்புளி. ஒரு பக்கம் சனி. ஒரு பக்கம் போணி. பூனை தூங்குகிறது.

சம்பந்தி பேச்சுவார்த்தை தொடங்கினார்.

"நேத்தே வாங்குனதா நெனச்சுக்குவோம் சரோ. நேத்து வந்தோம் தானே? அவன்தான் கடைய மூடிட்டான்."

"நெனப்பு உங்களுது. கெழம சனி பகவானுது."

"சரி, நான் வாங்குறேன். வாங்கி சம்பந்திக்குக் குடுக்குறேன். தோஷம் எனக்கு."

"ஏற்கனவே ஒரு தடவ கடல்ல வுழுந்தது போதும்."

தவுக்கே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கடைத் தமிழர்களோடே வளர்ந்தவர். பேசத்தான் வராது, பாதி புரியும். கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு பலகைத் துண்டோடு வந்தார். மேசையில் முட்டுக் கொடுத்தார். இழைப்புளியை அதன் மேல் வைத்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் கோமதி.

"தொட்டா வாங்குனதா ஆயிருமா?" என்றார் சம்பந்தி. "அப்ப பஸ்ல கம்பிய புடிச்சிட்டு வாறோமே, பஸ்ஸ வாங்கிட்டோமா?"

நான் குறுக்குக் கட்டையை இரண்டு முட்டியாலும் பிடித்தேன். தள்ளினேன்.

பலகை இரண்டடிதான். சுருள் இந்த முனையில் கிளம்பி அந்த முனையில் விழுந்தது. அறவில்லை. இன்னொரு தடவை தள்ளினேன். இன்னொன்று. பூனை எழுந்து வந்து சுருளைக் காலால் தட்டியது.

நிமிர்ந்தேன். எல்லாரும் சுருளைப் பார்த்தார்கள். சம்பந்தி அம்மா மட்டும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தானா?" என்றார்.

"ம்," என்றேன்.

"நாலு நாளா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே, சம்பந்தி?"

கோமதி குடையைப் பிரித்துப் பிரித்து மூடினாள்.

சம்பந்தி அம்மா கொஞ்ச நேரம் இழைப்புளியைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். குனிந்து வாய்க்குள் பார்த்தார். பிறகு தவுக்கேயிடம் திரும்பினார்.

"தவுக்கே, அந்த இரும்ப உருவு."

தவுக்கே ஒரு சின்னச் சுத்தியலால் இழைப்புளியின் பின்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினார். ஆப்பு தளர்ந்தது. இரும்பு கழன்று வந்தது. மரத்தை ஒரு பக்கமும் இரும்பை ஒரு பக்கமும் வைத்தார். விரலால் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"காயு." மரம்.

"பெசி." இரும்பு.

"காயு வாங்கலாம்," என்றார் சம்பந்தி அம்மா. "சனி பகவானுக்கு மரத்துல என்னா வேல? போணியும் ஆச்சு. பெசி இங்கயே இருக்கட்டும். திங்கக்கெழம இவரு வந்து வாங்கி அனுப்புவாரு."

சம்பந்தி கை தட்டினார். தவுக்கே சிரித்தார். நான் பர்சை எடுக்கப் போனேன்.

"நில்லுங்க," என்றார் சம்பந்தி அம்மா. "வாய்க்குள்ள குறுக்க ஒரு கம்பி இருக்கு."

இருந்தது. ஆப்பைத் தாங்குகிற கம்பி. நான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

எல்லாரும் குனிந்தோம். மங்கலாக இருந்தது. என்ன உலோகம் என்று தெரியவில்லை. தவுக்கே மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு காந்தம் எடுத்தார். அதை நூலில் கட்டிக் கிணற்றில் வாளி விடுவது மாதிரி வாய்க்குள் இறக்கினார்.

காந்தம் ஆடியது. ஒட்டவில்லை.

"பித்தளை!" என்று சம்பந்தி போட்ட சத்தத்தில் பூனை வெளியே போய்விட்டது.

காசு கொடுக்கும்போது ஒரு சின்னத் தள்ளுமுள்ளு. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் விருந்தாளி பர்சைத் திறக்கக் கூடாது. பெண் கொடுத்தவன் நான், அந்த வீட்டுக் காசில் வாங்கக் கூடாது.

"விடுங்க. அவரே குடுக்கட்டும்," என்றார் சம்பந்தி அம்மா. சம்பந்தி விட்டுவிட்டார்.

தவுக்கே என் காசை வாங்கிக் கல்லாப்பெட்டியில் ஒரு தடவை தட்டிவிட்டு உள்ளே போட்டார். நம் ஊரில் செய்வது மாதிரியேதான்.

முறுக்கு உரல்

திருச்சியில் இறங்கினோம். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே மைலோ டின்கள், தலைவலித் தைலம், பிஸ்கோத்து. அடியில் இழைப்புளி.

அதிகாரி அதை வெளியே எடுத்தார். புரட்டினார். கண்ணருகே தூக்கி அதன் வாய் வழியாக என்னைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி, "முறுக்கு உரல் சார்," என்றாள். அதிகாரிகளைப் பார்த்தால் அவளுக்குச் சமையல் சாமான்தான் வாயில் வரும்.

"இவ்ளோ பெருசா?"

"கல்யாண வீட்டுக்கு."

"அச்சு எங்கம்மா?"

"பின்னால வருது சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பின்னால வருகிறது என்பது உண்மைதானே.

பின்னால வந்தது

வரவில்லை.

சம்பந்தி சொன்னபடி திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் இரும்பை வாங்கிவிட்டார். தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று பயம். பேரனுக்கு மொட்டை போட எங்கள் ஊர்க் கோயிலுக்கு வரும்போது கையோடு கொண்டுவருவதாகச் சொன்னார்.

அதற்குள் நம் ஊர் இரும்பைப் போட்டுப் பார்த்தேன். மெலிசு. ஆப்பு பிடிக்கவில்லை. கொல்லரிடம் சொல்லித் தடியாக ஒன்று அடித்து வாங்கினேன். அது வாய்க்குள் போகவில்லை. இரும்பில்லாத மர உடம்பை ஒரு பலகை மேல் வைத்தேன். ஆயுத பூஜை வந்தது. கோமதி அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள்.

"இது எப்ப அண்ணே வேல செய்யும்?" என்று மாரியப்பன் அண்ணனைக் கேட்டாள்.

"இப்பதைக்கு சாமி," என்றார் அவர்.

மொட்டைக்கு எல்லாரும் வந்தார்கள். சம்பந்தி காரிலிருந்து இறங்கியதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவே முதல் தடவை. சத்தமும் வரவில்லை.

பெட்டியில் போட்டால் தொலையும் என்று இடுப்புப் பையில் வைத்திருக்கிறார். விமான நிலையத்தில் பிடித்துப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"இது கத்தி இல்ல லா, கட்டைக்குள்ள போறதுன்னு சொல்றேன். கட்ட எங்கன்னு கேக்குறான். இந்தியாவுல இருக்குன்னேன். அப்ப அங்கயே போய் வாங்கிக்கன்றான்."

"சரி," என்றேன்.

"என்னா சரி? திட்டுங்க சம்பந்தி. ரெண்டு வார்த்த திட்டுனாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

எனக்கு இரண்டு வார்த்தை கிடைக்கவில்லை. கோமதி சாம்பாரை ஊற்றினாள். எப்படியோ சோறு இறங்கிவிட்டது.

அடுத்த இரும்பைச் சம்பந்தி அம்மாவே போய் வாங்கினார். பேரனின் பழைய துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து ஒரு புதன்கிழமை தபாலில் போட்டார். கிழமை பார்த்துத்தான் போட்டார். வந்து சேர்கிற கிழமை அவர் கையில் இல்லை.

சனிக்கிழமை காலை தபால்காரர் வாசலில் நின்றார்.

"மலேசியாவுல இருந்து பார்சல்."

"இரும்பா?" என்றாள் கோமதி.

"எனக்கென்னக்கா தெரியும்? கையெழுத்துப் போடுங்க."

"இரும்புதான். திங்கக்கெழம கொண்டாங்க."

"வாசல்லயே வச்சிட்டுப் போறேனே. உள்ள கொண்டு போக வேண்டாம்."

"வாசலும் வீடுதான்."

தபால்காரர் என்னைப் பார்த்தார். பெட்டி அவர் கையில் இருந்தது. எட்டினால் தொட்டுவிடலாம். கோமதியும் என்னைப் பார்த்தாள். மதினிக்குக் கொடுத்த வார்த்தை அவள் முகத்தில் இருந்தது.

"திங்கக்கெழம கொண்டாங்க," என்றேன்.

அவர் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். "ஊர்ல ஆளுங்க பார்சல் வரலன்னு சண்ட போடுவாங்க," என்று சொல்லிக்கொண்டே போனார்.

அன்றும் மறுநாளும் ஒன்பது டீ குடித்தேன்.

திங்கட்கிழமை

பெட்டி வந்தது. துணியைப் பிரித்தேன். பிள்ளை வாசனை. இரும்பைக் கல்லில் தேய்த்தேன். அவசரப்படவில்லை. முனை முடியைச் சிரைக்கிற வரை தேய்த்தேன். வாய்க்குள் வைத்தேன். ஆப்பைத் தட்டினேன். பித்தளைக் கம்பி தாங்கியது.

பட்டறையில் ஒரு கதவுப் பலகை கிடந்தது. தேக்கு. ஏழடி. மாரியப்பன் அண்ணன் இழைக்க வைத்திருந்தார். நான் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். இழைப்புளியைப் பார்த்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு முட்டி. குறுக்குக் கட்டை. முதல் தள்ளு கோணலாகப் போனது. இரும்பைக் கொஞ்சம் ஏற்றினேன். ஆப்பை ஒரு தட்டு. பலகையின் தலைமாட்டில் வைத்தேன். தள்ளிக்கொண்டே நடந்தேன். கால்மாட்டில் நின்றேன்.

போன் அடித்தது. சம்பந்தி.

"வந்துச்சா? போட்டீங்களா? ஓடுதா? சொல்லுங்க லா!"

பின்னால் சம்பந்தி அம்மா குரல். "போன என்கிட்ட குடுங்க. அவரு ஒரு வார்த்ததான் பேசுவாரு, அதையும் உங்க சத்தத்துல விட்டுருவீங்க." பிறகு என்னிடம், "அறாம வந்துச்சா சம்பந்தி?" என்றார்.

"வந்துச்சு."

"எவ்ளோ நீளம்?"

"இருங்க," என்றேன். போனைப் பலகை மேல் வைத்தேன். சுருளை மெதுவாக நீட்டி டேப்பைப் பிடித்தேன். போனை எடுத்தேன்.

"ஆறடி பதினொன்றரை அங்குலம்."